புற்றுநோய் வைரஸும் ஏட்டுப் பிழைகளும்

பண்டைக் காலத்தில் நூல்கள் பனையோலையில் எழுதப்பெற்றன. ஓலை நாளடைவில் செல்லரித்துப் போகும் ஆதலின், அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வைப்பது வழக்கம். எழுதுவோர் எத்துணைக் கருத்துடையவராயினும் ஓரிடத்தில் ஓர் எழுத்துப் பிழைபடும். மற்றோரிடத்தில் ஓர் அடி விடுபடும். சில வேளைகளில் வேறொரு நூலின் பாட்டு இடையே புகுந்துவிடும். ஏட்டுக்கு ஏடு வேறுபடும் சொல்லைப் பாடபேதம் என்றும், இடையே புகுந்ததனை இடைச்செருகல் என்றும் பதிப்பாசிரியர்கள் கூறுவர். அவர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைக் காண்பர். பிழைபட்ட ஏட்டையும் அவர்கள் எறிந்துவிடுவதில்லை. பிழை நேர்ந்த இடத்தை ஆராயும்போதே நூலின் அமைப்பு விளங்குவதுண்டு.

உயிர்களின் உடலிலும் இத்தகைய பெயர்த்தெழுதல் இடையறாது நிகழ்கின்றது. ஒவ்வோர் உயிரணுவும் தனக்குரிய ஏடு ஒன்றைத் தன்னகத்தே வைத்துள்ளது. டி.என்.ஏ. என்னும் வேதிப்பொருளே அவ்வேடு. நான்கே எழுத்துகள் கொண்ட மொழியில் அஃது எழுதப்பட்டுள்ளது எனலாம். அதன்கண் ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய குறிப்பு அடங்கிய பகுதியை மரபணு என்பர். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் ஏடு முழுவதும் படியெடுக்கப்படும். அப்பொழுது நேரும் பிழை பிறழ்வு எனப்படும்.

வைரஸ் என்பது புரத உறைக்குள் வைத்த மிகச் சிறிய ஏடு. அது தானே உண்பதில்லை. தானே பெருகுவதும் இல்லை. ஓர் உயிரணுவினுள் புகுந்து, அங்குள்ள கருவிகளைக் கொண்டே தன் படிகளைச் செய்துகொள்ளும். சில வைரஸ்களின் ஏடு டி.என்.ஏ.வால் ஆனது, சிலவற்றின் ஏடு ஆர்.என்.ஏ. என்னும் அதன் இனப்பொருளால் ஆனது. பின்னவற்றுள் பெரும்பாலானவை படியெடுக்கும்போது பிழை திருத்துவார் இலர் ஆதலின், அவற்றில் பிறழ்வுகள் மிகுதி. அவ்வாறு பிழை மலிந்த வைரஸ் ஒன்று கோழிகளுக்குப் புற்றுநோயைத் தருவது. அதன் பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தே புற்றுநோயின் உட்பொருளை அறிஞர்கள் உணர்ந்தனர்.

1909 ஆம் ஆண்டு நியூயார்க் நகரிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற்குக் கோழி ஒன்று கொண்டுவரப்பட்டது. அது பிளிமத் ராக் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதன் மார்பில் பெரிய கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. அங்குப் பணியாற்றிய பெய்ட்டன் ரௌஸ் என்னும் மருத்துவ அறிஞர் அக்கட்டியை அறுத்தெடுத்து, அதன் துண்டுகளை அதே குலத்தைச் சேர்ந்த வேறு கோழிகளின் உடலில் வைத்துப் பார்த்தார். சிலவற்றில் கட்டி வளர்ந்தது. அதன்பின் அவர் செய்த சோதனையே புகழ் வாய்ந்தது. கட்டியை மணலுடன் சேர்த்து அரைத்து, நீர்மத்தில் கலக்கி, மிக நுண்ணிய துளைகளையுடைய வடிகட்டியின் வழியே செலுத்தினார். உயிரணுவோ பாக்டீரியாவோ அத்துளைகளில் நுழைய இயலாது. வடிந்து வந்த நீரை நல்ல கோழிகளின் உடலில் செலுத்தினார். அவற்றிலும் கட்டி தோன்றியது. உயிரணுவினும் பன்மடங்கு சிறிய ஏதோ ஒன்று புற்றுநோயைக் கொண்டுசெல்கிறது என்பதை 1911 இல் அவர் வெளியிட்டார்.

உலகம் அதனை ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணமும் இல்லாமலில்லை. புற்றுநோயாளரின் அருகிருந்து ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்வோர்க்கு அந்நோய் தொற்றக் கண்டவர் இலர். அவ்வாறாகத் தொற்றும் பொருளொன்று அதனை உண்டாக்கும் என்றால் யார் நம்புவர்? பறவைக்கு வரும் கட்டி வேறு, மனிதனுக்கு வரும் புற்று வேறு என்றனர் சிலர். ரௌஸ் எலிகளிடம் அத்தகைய வைரஸைத் தேடினார், கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் அத்துறையை விட்டு விலகி, குருதியைக் கெடாது சேமித்து வைக்கும் முறையை ஆராயலானார். முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு அம்முறை பேருதவியாயிற்று. ஆயினும் கோழிக்கட்டியைப் பற்றிய அவர்தம் கண்டுபிடிப்பு நெடுங்காலம் பலரும் எண்ணாது கிடந்தது. அதற்கு நோபெல் பரிசு கிடைத்தது 1966 இல். அப்பொழுது ரௌஸுக்கு வயது 87.

இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சி முறை மாறியிருந்தது. கோழிக் கருவிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் ஊட்டநீர் வார்த்து வளர்க்கக் கற்றிருந்தனர். நல்ல உயிரணுக்கள் தட்டின் அடியில் ஒரே படலமாகப் பரவும். ஒன்றையொன்று தொட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். ரௌஸின் வைரஸ் புகுந்த உயிரணுவோ அவ்வரம்பை மதிப்பதில்லை. அஃது உருண்டு திரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். 1958 இல் கலிபோர்னியாவில் ஹோவர்டு டெமின், ஹாரி ரூபின் என்னும் இருவர் இக்குவியல்களை எண்ணி வைரஸ்களின் தொகையைக் கணக்கிடும் முறையை வகுத்தனர். பல வாரம் கோழிகளைக் காத்திருந்து பார்த்த காலம் போய், தட்டிலேயே சில நாட்களில் விடை காணும் நிலை வந்தது.

எண்ணும்போது டெமின் ஒரு புதுமையைக் கண்டார். சில குவியல்களில் உயிரணுக்கள் உருண்டையாக இல்லாமல் கதிர்போல் நீண்டிருந்தன. அக்குவியலினின்றும் எடுத்த வைரஸை வேறு தட்டில் இட்டாலும் அதே நீண்ட வடிவமே தோன்றியது. வைரஸின் ஏட்டில் ஒரு பிழை. அதற்கேற்பப் புற்றணுவின் உருவம் வேறு. ஆகவே, புற்றணு எவ்வடிவம் கொள்ளவேண்டும் என்பதனை வைரஸின் மரபணுவே கட்டளையிடுகிறது என்று அவர் 1960 இல் எழுதினார்.

இங்கே ஒரு பெரிய வினா எழுந்தது. வைரஸ் ஒருமுறை உயிரணுவைத் தாக்கிக் கெடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறதா? அன்றி, உயிரணு புற்றணுவாக இருக்கும் காலமெல்லாம் உள்ளே அமர்ந்து ஏவிக்கொண்டே இருக்கிறதா? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முன்னது உண்மையாயின், கெட்டது கெட்டதே. புற்றணுவை அழிப்பதன்றி வேறு வழி இல்லை. பின்னது உண்மையாயின், ஏவும் பொருளைத் தடுத்தால் புற்றணுவும் அடங்கிவிடும். அதற்குரிய மருந்தைத் தேடலாம்.

விடையைத் தந்தது பிறழ்வுற்ற ஒரு வைரஸே. ரூபினின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஸ்டீவன் மார்ட்டின் என்பவர், வெப்பநிலைக்கேற்ப நடந்துகொள்ளும் வைரஸ் ஒன்றைக் கண்டெடுத்தார். நெய் குளிரில் உறைந்து வெயிலில் உருகுகிறது. மீண்டும் குளிர வைத்தால் மீண்டும் உறைகிறது. அதுபோலவே, பிழைபட்ட மரபணுவிலிருந்து வரும் சில புரதங்கள் குறைந்த வெப்பத்தில் உருவம் குலையாது நின்று வேலை செய்யும். சற்றே வெப்பம் ஏறினால் உருவம் நெகிழ்ந்து செயலிழக்கும். மார்ட்டினின் வைரஸ் புகுந்த உயிரணுக்கள் 36 பாகை செல்சியஸில் புற்றணுக்களாய்க் குவிந்தன. 41 பாகைக்கு உயர்த்தினால் அவை தட்டையாகி, நல்ல உயிரணுக்களைப்போல் ஒழுங்காய்ப் பரவின. மீண்டும் வெப்பத்தைக் குறைத்ததும் சில மணி நேரத்தில் பழையபடி புற்றணுக்களாயின. விளக்கை ஏற்றி அணைப்பதுபோலப் புற்றுத்தன்மையை ஏற்றவும் அணைக்கவும் முடிந்தது! வியப்பு அதனோடு முடியவில்லை. 41 பாகையிலும் அந்த வைரஸ் தன் படிகளைக் குறைவின்றிப் பெருக்கிக்கொண்டிருந்தது. எனவே, பெருகுதற்குரிய மரபணுக்கள் வேறு, புற்றை உண்டாக்கும் மரபணு வேறு என்பதும், அப்புற்று மரபணு இடைவிடாது இயங்கினாலன்றிப் புற்றுத்தன்மை நிலைக்காது என்பதும் ஒருங்கே தெளிவாயின. இச்செய்தி 1970 இல் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ரௌஸ் மறைந்துவிட்டார். மரபணுப் பிறழ்வே புற்றுக்குக் காரணம் என்னும் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்காதவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மற்றொரு வகைப் பிறழ்வு இதனை வலியுறுத்தியது. பீட்டர் வோக்ட் என்பவர் வளர்த்த வைரஸ்களுள் சில, புற்றை உண்டாக்கும் ஆற்றலை அடியோடு இழந்து நின்றன. பெருகும் ஆற்றல் மட்டும் குறையவில்லை. அவரும் பீட்டர் டியூஸ்பெர்க் என்பவரும் அவற்றின் ஆர்.என்.ஏ.வை அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏட்டிலிருந்து ஓர் ஓலை முழுவதும் உதிர்ந்துபோயிருந்தது. உதிர்ந்த அவ்வோலையே புற்று மரபணு. சார்க்கோமா என்னும் புற்றுவகையின் பெயரைச் சுருக்கி அதற்கு ‘சார்க்’ என்று பெயரிட்டனர்.

ஓர் ஐயம் மிஞ்சியது. தனக்கு ஒரு பயனும் தராத ஓலையை வைரஸ் ஏன் சுமக்கவேண்டும்? சான்பிரான்சிஸ்கோ நகரில் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடம் இவ்வினாவை எடுத்துக்கொண்டது. அவர்களுடன் டொமினிக் ஸ்டெஹலின் என்னும் பிரெஞ்சு அறிஞர் உழைத்தார். முழு வைரஸின் ஏட்டை டி.என்.ஏ. துணுக்குகளாகப் படியெடுத்தனர். அத்துணுக்குகளை, ஓலை உதிர்ந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வுடன் கலந்தனர். இரண்டிற்கும் பொதுவான பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒதுங்கின. இணை கிடைக்காமல் எஞ்சிய துணுக்குகள் சார்க் மரபணுவுக்கு மட்டும் உரியவை. ஏடுகளை ஒப்புநோக்கி வேறுபாட்டைப் பிரித்தெடுக்கும் பதிப்பாசிரியரின் வேலையே இது. குறையுள்ள ஏடு கையில் இல்லையேல் இவ்வேலை நடந்திராது.

பிறகு அத்துணுக்குகளை நோயற்ற கோழியின் டி.என்.ஏ.வுடன் சேர்த்தனர். அவை ஒட்டின. காடை, வான்கோழி, வாத்து, ஈமு ஆகியவற்றின் டி.என்.ஏ.வுடனும் ஒட்டின, கோழிக்கு நெருங்கிய பறவையில் நன்றாகவும், தொலைவான பறவையில் சற்றுக் குறைவாகவும் பொருந்தின. 1976 இல் இது வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளில், மீன், எலி, கன்று, மனிதன் ஆகிய உயிர்களிலும் அதன் உறவுடைய மரபணு இருப்பது தெரிந்தது. புற்று மரபணு வைரஸுக்குச் சொந்தமானதன்று. அது கோழியின் ஏட்டிலிருந்து எப்போதோ வைரஸின் ஏட்டில் புகுந்த இடைச்செருகல். இந்த வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி உயிரணுவின் ஏட்டிலேயே செருகிக்கொள்ளும் இயல்புடையது. வெளியேறும்போது பக்கத்திலிருந்த மரபணுவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இக்களவு மீண்டும் நிகழக்கூடும் என்பதையும் ஹிடேசபுரோ ஹனபூசா என்னும் ஜப்பானிய அறிஞரின் குழுவினர் காட்டினர். சார்க் ஓலையின் ஒரு பகுதி மட்டுமே எஞ்சியிருந்த வைரஸை அவர்கள் கோழிகளின் உடலில் செலுத்தினர். சிலவற்றில் காலந்தாழ்த்துக் கட்டி தோன்றியது. அதிலிருந்து கிடைத்த வைரஸ் முழு மரபணுவையும் திரும்பப் பெற்றிருந்தது. பிஷப்பும் வார்மஸும் 1989 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

கோழியின் உடலில் தீங்கின்றி இருந்த மரபணு, வைரஸின் கையில் புற்றை உண்டாக்குவானேன்? அங்கேதான் பிறழ்வு மீண்டும் வருகிறது. சார்க் மரபணுவிலிருந்து உண்டாகும் பொருள் ஒரு நொதி. வேறு புரதங்களின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு கூறினை ஒட்டுவது அதன் தொழில். அப்பாஸ்பேட், ‘வளர்க, பிரிக’ என்னும் கட்டளைபோல் உயிரணுவில் செயற்படும். புரதத்தின் உறுப்புகளான அமினோ அமிலங்களுள் டைரோசின் என்பதன்மேல் அஃது ஒட்டுகிறது என்பது 1980 இல் உறுதியாயிற்று. இதற்கு முந்திய ஆண்டில் டோனி ஹண்டர் என்பவர் வேறொரு வைரஸின் புரதத்தை ஆராய்கையில், புதிய கரைசலைக் காய்ச்சச் சோம்பிப் பழைய கரைசலையே பயன்படுத்தினார். நாட்பட்டமையால் அதன் அமிலத்தன்மை சிறிது மாறியிருந்தது. அம்மாற்றத்தினாலேயே, அதுவரை வேறொன்றுடன் கலந்து மறைந்திருந்த டைரோசின் தனியே பிரிந்து தெரிந்தது. சோம்பலும் எப்போதாவது நன்மை செய்யும் போலும்!

கோழியின் சார்க் புரதத்தில் 533 அமினோ அமிலங்கள் கோவையாக உள்ளன. அதன் வால்பகுதியில், 527 ஆம் இடத்தில் ஒரு டைரோசின் இருக்கிறது. அதன்மேல் பாஸ்பேட் ஒட்டியிருக்கும்போது வால் மடிந்து புரதத்தின் உடலையே பற்றிக்கொள்ளும். நொதி அடங்கிக் கிடக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, அப்படி இந்த நொதிக்கு அதன் வால். வேண்டும்போது கயிறு தளரும். வேலை முடிந்ததும் இறுகும். வைரஸிலுள்ள சார்க் புரதத்தில் கடைசி 19 அமினோ அமிலங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் தொடர்பற்ற வேறு 12 உள்ளன. கயிறு அறுந்தது. நொதி ஓயாது பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே போகிறது. உயிரணு ஓயாது பிரிந்துகொண்டே போகிறது.

வைரஸ் இப்புரதத்தை மிகுதியாக உண்டாக்குவதனால் அன்றோ புற்று வருகிறது என்று சிலர் தடை எழுப்பினர். நேர்மையான தடையே. அதனைத் தீர்க்க, 1984 இல் ஹனபூசாவின் குழுவினர் கோழியின் பிழையற்ற சார்க் மரபணுவை எடுத்து வைரஸில் வைத்துப் பார்த்தனர். புரதம் மிகுதியாக உண்டாயிற்று, உயிரணுக்களோ புற்றணுக்களாகவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப்பின், 527 ஆம் டைரோசினை மட்டும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றியபோது, அவ்வொரு மாற்றமே நல்ல மரபணுவைப் புற்று மரபணுவாக்கப் போதியதாயிருந்தது. ‘களை’ என்பதில் ஓரெழுத்து மாறிக் ‘கலை’ ஆவதுபோன்ற சிறு மாற்றம்தான். விளைவோ உயிரைக் குடிப்பது.

இதற்கு நேர்மாறான பிறழ்வும் உண்டு. புரதத்தின் தலைப்பக்கத்தில் இரண்டாம் இடத்திலுள்ள கிளைசின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு கொழுப்பமிலம் இணைகிறது. அக்கொழுப்பின் துணையால் புரதம் உயிரணுவின் உறையில் ஒட்டிநிற்கும். அக்கிளைசினை மாற்றிவிட்டால், வால் அறுந்த நொதி முழு ஆற்றலுடன் இருந்தும், உறையில் நிற்க இடமின்றி உட்புறத்தில் அலைகிறது, புற்று தோன்றுவதில்லை. ஆற்றல் இருந்தும் உரிய இடத்தில் இல்லாமையால் பயனற்றுப்போன நொதி அது.

மனிதரைத் தாக்கும் வைரஸ்களிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உள்ளன. பெண்களின் கருப்பைவாயில் புற்றுக்குக் காரணமாகும் பாப்பிலோமா வைரஸின் 16 ஆம் வகையை 1983 இல் ஜெர்மனியில் ஹரால்டு சூர் ஹௌசன் குழுவினர் கண்டனர். அவ்வைரஸில் புற்றைத் தூண்டும் மரபணுக்கள் இரண்டும், அவற்றை அடக்கிவைக்கும் மரபணு ஒன்றும் உள்ளன. வைரஸின் ஏடு மனித உயிரணுவின் ஏட்டில் சிக்கிக்கொள்ளும்போது, அடக்கும் மரபணு பலகாலும் சிதைந்துபோகிறது. தூண்டுபவை இரண்டும் கட்டின்றி ஓங்குகின்றன. 2008 இல் மெர்க்கல் உயிரணுப் புற்றில் கண்டறியப்பட்ட வைரஸிலும் இவ்வாறே ஒரு மரபணு பாதியில் அறுபட்டுக் கிடக்கிறது. எஞ்சிய பாதி புற்றைத் தூண்டும். இவ்விரண்டிலும் சிதைந்த ஏட்டையுடைய வைரஸ் இனிப் பெருக இயலாது. வோக்டின் வைரஸ் புற்றுத்தன்மையை இழந்து பெருக்கத்தைக் காத்தது. இவையோ பெருக்கத்தை இழந்து புற்றை விட்டுச்செல்கின்றன. மனிதனைக் கொல்வதனால் வைரஸுக்கு ஒரு வருவாயும் இல்லை. புற்று அதற்கு நேர்ந்த விபத்தே. பாப்பிலோமா வைரஸுக்குத் தடுப்பூசி 2006 முதல் வழங்கப்பட்டு வருகிறது.

ஏவும் பொருளைத் தடுத்தால் புற்று அடங்கும் என்று மார்ட்டினின் தட்டு காட்டியதன்றோ? அதன் பயனை நோயாளர் காண முப்பது ஆண்டுகள் சென்றன. சார்க்கைப் போலவே டைரோசினில் பாஸ்பேட்டை ஒட்டும் ‘ஏபில்’ என்னும் மரபணு, எலியின் வைரஸ் ஒன்றில் முதலில் காணப்பட்டது. மனிதர்க்கு வரும் ஒருவகை நாட்பட்ட இரத்தப்புற்றில் வைரஸின் தொடர்பின்றியே அம்மரபணு இடம்பெயர்ந்து, கட்டறுந்து இயங்குகிறது என்பது பின்னர்த் தெரிந்தது. அந்நொதியின் செயலை அடைக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சில ஆண்டுகளே வாழ்வர் எனக் கருதப்பட்ட நோயாளர் பலர் நாள்தோறும் அம்மாத்திரையை உண்டு தம் தொழிலைச் செய்துகொண்டு வாழலாயினர்.

ஆயினும், படியெடுக்கும் இடத்தில் பிழை நேராமல் இராது. மருந்து ஒப்புதல் பெற்ற அதே ஆண்டிலேயே, சிலருக்கு நோய் திரும்பியதன் காரணம் கண்டறியப்பட்டது. ஏபில் நொதியின் 315 ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதனால் மருந்து அங்கே பொருந்தவில்லை. அம்மாறிய நொதியையும் அடைக்கவல்ல வேறொரு மருந்து, பொனாட்டினிப் என்பது, 2012 இல் வந்தது.